ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசாவாகத் தருவதுதான் ஷெங்கன் விசா. அது மறுக்கப்பட்டால் பாஸ்போர்ட்டோடு ஒரு படிவம் வரும். உங்களுக்கென்று எழுதிய கடிதம் இல்லை, எல்லோருக்கும் ஒரே அச்சு. வரிசையாகக் காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம், உங்களுக்குப் பொருந்துவதில் ஒரு டிக். நான் பார்த்த படிவங்களில் டிக் விழுந்த இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். பயணத்தின் நோக்கமும் தங்கும் ஏற்பாடும் சரியாக நிரூபிக்கப்படவில்லை என்பது ஒன்று, விசா முடிவதற்குள் ஊர் திரும்புவார் என்பதில் சந்தேகம் என்பது இன்னொன்று. படித்ததும் கோபம் வரும். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள், நான் எதற்கு அங்கே போய் ஒளிந்துகொள்ளப் போகிறேன் என்று தோன்றும். நியாயமான கோபம்தான். ஆனால் முடிவெடுத்த அதிகாரி பெரும்பாலும் உங்களைப் பார்த்ததே இல்லை. சென்னையில் நீங்கள் போய் வரிசையில் உட்கார்ந்தது விண்ணப்ப மையம். அங்கே இருப்பவர்கள் காகிதங்களை வாங்கி, கைரேகை எடுத்து, தூதரகத்துக்கு அனுப்பி வைப்பதோடு சரி. உங்கள் வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் அந்தக் கோப்புக்குள் இருந்தால்தான் அவருக்குத் தெரியும்.

முதலில் எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். இப்போது ஷெங்கனில் 29 நாடுகள். எங்கே அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கும் நாட்டிடம். பாரிஸில் ஐந்து நாள், சுவிட்சர்லாந்தில் மூன்று நாள் என்று திட்டம் வைத்துக்கொண்டு, அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டுக்குப் போலியாக ஓட்டல் போட்டு விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். பயணத் திட்டத்தையும் டிக்கெட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, அவற்றுக்குத் தனி விசா.

அடுத்து பணம். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கில் நிறையப் பணம் இருந்தால் விசா கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதனால் விண்ணப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது மச்சானிடம் மூன்று லட்சம், நண்பரிடம் இரண்டு லட்சம் என்று வாங்கிக் கணக்கில் போட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வைத்துவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுப்பார்கள். அதிகாரி பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் இல்லை. மாதாமாதம் என்ன வருகிறது, என்ன போகிறது, வழக்கமாகக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்பதையும் பார்க்கிறார். ஆறு மாதமாக முப்பதாயிரத்தைத் தாண்டாத கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் வந்தால், அது உங்கள் பணம் என்று அவர் எப்படி நம்புவார்? அளவான தொகை, ஒழுங்காக வரும் வருமானம், அதற்கு ஏற்ற பயணச் செலவு, இந்த மூன்றும் பொருந்தினால் போதும். நாற்பதாயிரம் சம்பளக்காரர் ஒரு வாரம் சாதாரண ஓட்டலில் தங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் அதில் நம்பும்படியான கணக்கு இருக்கிறது. அவரே மூன்று வாரம், ஐந்து நாடு, நட்சத்திர ஓட்டல் என்று எழுதினால்தான் கேள்வி எழும்.

பெரிய தொகை நிஜமாகவே உங்களுடையதாக இருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம், விளக்கமில்லாமல் விடவும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஊரில் நிலம் விற்ற பணம் கணக்கில் வந்த அடுத்த மாதம் விண்ணப்பித்தார். பணம் நேர்மையானது, பத்திரமும் பீரோவில் இருந்தது, ஆனால் அதன் நகலை வைக்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. விசா மறுக்கப்பட்டது. இரண்டாம் முறை விற்பனைப் பத்திரத்தின் நகலும், ஆங்கில மொழிபெயர்ப்பும், அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று, விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதமான கவர் லெட்டரில் இரண்டு வரியும் சேர்த்தார், கிடைத்தது. சீட்டு எடுத்த பணம், நகைக்கடன், முதிர்ந்த வைப்புத்தொகை எதுவானாலும் இதேதான் வழி. பட்டா, தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு பே ஸ்லிப், வருமான வரிக் கணக்கு, நிறுவனம் கொடுக்கும் விடுப்புக் கடிதம் போதும். அந்தக் கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு, எப்போது வேலைக்குத் திரும்புகிறார் என்பது தெளிவாக இருக்கவேண்டும். சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள்தான் இதில் சிரமப்படுகிறார்கள், ஏனென்றால் வியாபாரம் ரொக்கமாகவே நடக்கும். அவர்கள் ஜிஎஸ்டி பதிவு, சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று, வரிக் கணக்கு ஆகியவற்றோடு, பயணம் போக நினைப்பதற்கு ஆறேழு மாதம் முன்பே வரவுகளை வங்கி வழியாகக் கொண்டுவரப் பழகுவது நல்லது.

அப்புறம் பெயர். இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் கார்த்திக் சுப்பிரமணியன், வங்கியில் எஸ். கார்த்திக், சம்பள ரசீதில் சுப்பிரமணியன் கார்த்திக். நமக்கு மூன்றும் ஒரே ஆள். இனிஷியல் என்ற வழக்கமே இல்லாத நாட்டின் அதிகாரிக்கு மூன்று பேராகத் தெரியலாம். படிவம், டிக்கெட், ஓட்டல், இன்சூரன்ஸ் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். வங்கிப் பெயரை மாற்ற நேரம் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து, கவர் லெட்டரிலும் சொல்லிவிடுங்கள். கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்கள் திருமணச் சான்றிதழை மறக்கக்கூடாது.

டிக்கெட் விஷயத்தில் அவசரப்பட்டு, திருப்பித் தராத டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். போக வர முன்பதிவு இருந்தால் போதும். ஆனால் அது விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் போட்டுப் பார்த்தால் வரவேண்டும், கணினியில் வரைந்த டிக்கெட் ஆபத்து. ஓட்டலை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு போடுவதில் தவறில்லை. விண்ணப்பம் கொடுத்த அன்று மாலையே ரத்து செய்வதுதான் தவறு, தூதரகம் ஓட்டலுக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. விசா கையில் இருந்தாலும் அங்கே இறங்கியதும் எங்கே தங்குகிறீர்கள், செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று எல்லை அதிகாரி கேட்கலாம்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும். ஒரு நாள் குறைந்தாலும் பிரச்சினை. பாஸ்போர்ட் நீங்கள் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு காலிப் பக்கமாவது வேண்டும்.

ஜெர்மனியில் மகனோ மகளோ இருந்து அவர்களே செலவை ஏற்பதாக இருந்தால், வெறும் அழைப்புக் கடிதத்தை நம்பி இருக்கவேண்டாம். அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் அவர்கள் முறைப்படி பொறுப்பேற்புப் பத்திரம் வாங்கி அனுப்பவேண்டும். அதே நேரம் பெற்றோர் பக்கத்தில் ஓய்வூதிய ஆணை, சொந்த வீடு, இங்கே இருக்கும் மற்ற பிள்ளைகள் என்று திரும்பி வருவதற்கான காரணங்களையும் காட்டவேண்டும். செலவுக்கு ஆள் இருக்கிறது என்பது ஒரு கேள்விக்குத்தான் பதில்.

ஏஜென்ட் வைத்துக்கொள்வது தவறு இல்லை. ஆனால் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. உங்களுக்கே தெரியாமல் ஒரு போலி வேலைச் சான்றோ, திருத்திய ஸ்டேட்மென்ட்டோ உள்ளே போயிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மறுப்பு விவரம் ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் கிடங்கில் ஐந்து ஆண்டு இருக்கும், ஒரு நாட்டில் ஆனது இன்னொரு நாட்டுக்கும் தெரியும். அதனால் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே ஒருமுறை படியுங்கள், தயவுசெய்து.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் பதினைந்து நாள் முன்பு. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். பள்ளி விடுமுறைக்கு மே மாதம் கிளம்ப நினைப்பவர் மார்ச் கடைசியில் அப்பாயின்ட்மென்ட் தேடினால் தவித்துப் போவார். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. மையத்தில் விற்கும் எஸ்எம்எஸ், கூரியர், சொகுசு அறை எதுவும் முடிவை மாற்றாது, வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

விசா கிடைத்ததும் ஸ்டிக்கரை உட்கார்ந்து படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், தேதி சரியா என்று பாருங்கள், பிழை இருந்தால் அன்றே மையத்தில் சொல்லவேண்டும். எத்தனை நாள் தங்கலாம் என்ற எண்ணும், எந்தத் தேதி வரை செல்லுபடி என்பதும் வேறு வேறு. செல்லுபடித் தேதி தாராளமாக இருந்தாலும், 12 நாள் என்று போட்டிருந்தால் 12 நாள்தான், வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. நுழைவு என்ற இடத்தில் 01 என்று இருந்தால் ஒரே முறை. பாரிஸிலிருந்து ரயிலேறி லண்டனுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு மறுபடி பாரிஸ் வந்து விமானம் பிடிக்கும் திட்டம் அந்த விசாவில் நடக்காது, லண்டனுக்குப் போனதும் அது முடிந்துவிட்டது. அப்படிப் போவதாக இருந்தால் விண்ணப்பத்திலேயே இரண்டு நுழைவு கேட்டு, இங்கிலாந்து விசாவின் நகலையும் முன்கூட்டியே எடுத்துக் கோப்பில் வைத்திருக்கவேண்டும்.