நகைக்கடைத் தராசில் ஒரு தூண்டில் நூல்

போன தை மாசம் மச்சினன் மகன் போனில் ஒரு படம் அனுப்பினான். கூடவே, "மாமா, இந்த ஃப்ளை ராடு 78,000 சொல்றாங்க. ரீல் தனியா 32,000. இப்ப இருக்கிறதைத் தள்ளிட்டு வாங்கிரலாமா?" என்று ஒரு கேள்வி. அவன் ஊர் கொழிஞ்சாம்பாறை, வேலை கோயம்புத்தூரில். மூணாற்றில் என் வீட்டுக்கு வந்துபோனதில்தான் ஃப்ளை தூண்டிலில் மீன் பிடிக்கிற இந்தப் பைத்தியம் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் ஒரு வார்த்தையில் "வேண்டாம்டா" என்று முடிக்க மனசு வரவில்லை. நானே ஒரு காலத்தில் தலைகீழ் வரிசையில் காசைக் கொட்டியவன். முதலில் ரீல் என்கிற நூல் சுற்றும் சக்கரம், அப்புறம் ராடு என்கிற தூண்டில் கோல், கடைசியாக நூல். வாங்கியிருக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர்.

நான் தேயிலை ஃபேக்டரியில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன். அப்பா ஓடை வாச்சர். துரைமார் இங்கே ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டு, குஞ்சு பொரிக்க ராஜமலையில் தொட்டி கட்டி, ஹைரேஞ்ச் ஆங்க்ளிங் அசோசியேஷன் என்று சங்கமும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மீன் பிடிக்கப் போனால் அப்பா வலையும் கூடையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். எனக்கு வந்த முதல் ராடு, துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன மூங்கில் ராடு. அதன் நுனி ஏற்கெனவே ஒருமுறை ஒடிந்து கட்டியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விலை கூடின ராடு வாங்கலாமா என்று யோசிக்கிறவர் முதலில் ஒரு தாளில் எழுத வேண்டியது இது: இப்போது இருக்கிற ராடு எனக்கு எதைச் செய்து தரவில்லை? "நல்லதா இல்ல" என்று எழுதினால் அது பதிலாகாது. எங்கே, எப்போது, எத்தனை அடியில் என்று எழுத வர வேண்டும். மச்சினன் மகனிடம் கேட்டேன். மூன்று குறை சொன்னான். தூரம் போகவில்லை, காற்றில் நூல் சுருண்டு விழுகிறது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. மூன்றும் ஒரே ராடின் குற்றம் என்று அவன் நினைத்தான். எனக்கு அப்படிப் படவில்லை. ஃபேக்டரியில் ரோலர் சத்தம் போட்டால் ரோலரையேவா மாற்றுகிறோம்? பெல்ட், பேரிங், எண்ணெய் என்று விலை குறைந்ததிலிருந்துதானே பார்த்துக்கொண்டு வருவோம்.

இங்கே விலை குறைந்தது நூல். ஏன் நூல் என்று சொல்ல வேண்டும். நம் குளத்துத் தூண்டிலில் ஈயக்குண்டும் இரையும் கனம். அந்தக் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை தூண்டிலில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும்தான், ஊதினால் பறந்துவிடும். அதை எறிய முடியாது. ப்ளாஸ்டிக் பூசிய தடித்த நூலைத்தான் எறிகிறோம், ஃப்ளை என்கிற அந்த இறகு ஈ அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. ராடை வளைக்கிற கனமும் அந்த நூல்தான். அந்தக் கனத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நுனியிலிருந்து முதல் 30 அடி நூல் எத்தனை கிரெய்ன் நிறுக்கிறது என்று பார்த்து எண் கொடுக்கிறார்கள். 4-ஆம் எண் நூல் 120 கிரெய்ன், 5 என்றால் 140, 6 என்றால் 160, 7 என்றால் 185, 8 என்றால் 210. நம் கிராமில் 5-ஆம் எண் சுமார் 9.1, 6 சுமார் 10.4, 7 ஏறக்குறைய 12. ராடின் பிடிக்கு மேலே 5 என்று எழுதியிருந்தால் அது இந்த 5-ஐக் கேட்கிறது.

அவனை நூலோடு வரச்சொல்லி பஜாரில் தெரிந்த நகைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. நுனியில் சீரான கனத்தில் ஒரு சின்னத் துண்டு இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காமல் தரையில் 30 அடி அளந்து அந்த இடத்தில் ஒரு நூல்கட்டு அடையாளம் போடுங்கள். அந்த 30 அடியை வளையமாகச் சுற்றித் தராசுத் தட்டில் வைத்து, மிச்சத்தைத் தட்டு மட்டத்திலேயே ஒரு பெட்டியின் மேல் வையுங்கள். தொங்கினால் இழுத்து எடையைக் கூட்டும். வெட்ட வேண்டியதில்லை. கடைக்காரர் பச்சை நூலைப் பார்த்து "இது எத்தனை கேரட்?" என்றார். தராசு 11.2 கிராம் காட்டியது. செட்டோடு வந்த நூல், டப்பாவில் 5 என்று அச்சடித்தது, நிறுத்தால் 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கிறது! 5-ஆம் எண் ராடு அதைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம்தான் போகும்? கம்பெனிகள் வேண்டுமென்றே அரை எண், ஒரு எண் கூட்டிச் செய்வதும் உண்டு. விறைப்பான ராடுக்காரருக்கும் கிட்டத்தில் எறிகிறவருக்கும் அது உதவும். ஆனால் அது தெரிந்து வாங்க வேண்டியது, டப்பாவை நம்பி மாட்டிக்கொள்ள வேண்டியதல்ல.

தராசில் எண் சரியாகவே வந்தாலும் நூலை விரலால் உருவிப் பாருங்கள். கரகரவென்றால் அழுக்கு; வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு விட்டுத் துணியால் துடைத்தால் புது நூல் மாதிரி ஓடும். முடிமுடியாக வெடிப்பு தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பிசுபிசுவென்று ஒட்டினால் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். கடையில் விற்கிற சில கொசு மருந்துகளில் உள்ள டீட் என்ற சாமான் நூலின் பூச்சையே கரைத்துவிடும். இங்கே அட்டைக்குப் பயந்து வெளியூர்க்காரர்கள் அதைக் கை கால் எல்லாம் பூசிக்கொண்டு நூலைத் தொடுகிறார்கள். உப்பும் மூக்குப்பொடியும் போதும், அதனால் நூலுக்குக் கெடுதல் இல்லை.

நூலை மாற்றியும் குறை தீரவில்லை என்றால் அடுத்து கையைப் பார்க்க வேண்டும். இதை யாரும் விரும்புவதில்லை. உங்களைவிட நன்றாக எறிகிற ஒருவரிடம் உங்கள் ராடைக் கொடுங்கள். அவர் கையில் அது 50 அடி போனால் ராடு குற்றமற்றது. ஆள் கிடைக்காவிட்டால் ஒரு மைதானத்தில் நின்று, முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு கட்டி எறிந்து, பக்கவாட்டில் போனை வைத்துப் படம் எடுங்கள். நான் எடுத்த படத்தில் மச்சினன் மகன் பின்பக்கம் மணிக்கட்டை மடக்கி ராடைத் தரை வரைக்கும் சாய்க்கிறான். கடிகார முள் கணக்கில் முன்னால் பத்து, பின்னால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அங்கே சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் நூல் பின்னால் புல்லில் விழும், 78,000 ரூபாய் ராடிலும் அதே புல்லில்தான் விழும்.

இப்போது காற்று. இதில்தான் ராடின் விலைக்கு நியாயமான பேச்சு உண்டு. விலை உயர்ந்த கார்பன் ராடுகள் பெரும்பாலும் எடை குறைந்தவை, விறைப்பானவை, வளைந்தால் உடனே நிமிர்ந்து ஆடாமல் நிற்கும். தேவிகுளம் பக்கம் ஏரிக்கரையில் எதிர்க்காற்றில் 45, 50 அடி எறிய வேண்டியிருந்தால் அந்த வேகம் கையிலேயே தெரியும். நூல் குறுகிய வளையமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். விருந்தாளி ஒருவர் கொண்டுவந்த அப்படிப்பட்ட ராடை ஒரு மத்தியானம் பூரா எறிந்து பார்த்திருக்கிறேன். பொறாமையாகத்தான் இருந்தது. அதே ராடைச் சோலைக்குள் ஓடுகிற ஓடைக்குக் கொண்டுபோனோம். தலைக்கு மேல் கிளை, பின்னால் பாறை, மீன் இருப்பது 20 அடியில். வெளியே விட முடிவது பத்துப் பன்னிரண்டு அடி நூல். அவ்வளவு கொஞ்சக் கனத்துக்கு விறைப்பு ராடு வளையவே வளையாது. விளக்குமாற்றுக் குச்சியால் எறிகிற மாதிரி இருக்கும். என்னுடைய ஏழரை அடி ஃபைபர் கிளாஸ் ராடு அதில் பத்தில் ஒரு பங்கு விலைகூட இருக்காது. அது அந்தப் பன்னிரண்டு அடிக்கே நன்றாக வளைந்து ஈயை இலை விழுகிற மாதிரி வைத்தது. அந்த விருந்தாளியே பாதியில் என் ராடை வாங்கி எறிந்து பார்த்தார். ஆகவே உங்கள் வருஷத்தில் எத்தனை நாள் ஏரி, எத்தனை நாள் ஓடை என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஓடை நாள்தான் அதிகம் என்றால் மேல்விலை ராடு உங்களைப் பின்னுக்கு இழுக்கும்.

இடையில் ஒன்று. ட்ரவுட் இருக்கிற தண்ணீரில் அனுமதிச் சீட்டு இல்லாமல் நூலை நனைக்காதீர்கள். இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் அந்த எண்ணமே வேண்டாம். பழக, பிடித்து விளையாட, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தெரிந்தவர் குளத்தில் ஜிலேபி மீன் போதும். அதுவும் ஈயைக் கடிக்கும், வெட்கமில்லாமல் கடிக்கும்.

விரால் பிடிக்க ஆசை என்றால் கதை வேறு. தாமரைத் தண்டுக்குள் ஓடும் மீனைத் திருப்ப 5-ஆம் எண் ராடு எந்த விலையிலும் போதாது. 8-ஆம் எண் வேண்டும், நடுத்தர விலையில் உள்ளதே போதும். பலருக்கு மேல்விலை என்று படுகிற தேவை உண்மையில் வேறு எண்ணின் தேவை.

மணிக்கட்டு வலிக்கு வருவோம். அவன் ராடோ இலேசானது, அதில் மாட்டியிருந்த ரீல் கனமானது. யாரோ சொன்னார்கள் என்று ஏற்கெனவே ஒருமுறை ரீலை 'அப்கிரேட்' செய்திருக்கிறான். நானும் அதையேதான் செய்தேன். கடலுக்குப் போகிற மாதிரி தண்ணீர் புகாத டிஸ்க் பிரேக் வைத்த ரீலை ஆசையாக வாங்கி, அதில் கால் கிலோ ட்ரவுட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மீன் ரீலிலிருந்து ஒரு முழம் நூலைக்கூட இழுத்துப் போனதில்லை. எல்லாம் இடது கையால் நூலைப் பிடித்து முடிகிற வேலை. அப்பா சொல்லும் துரைமார் ரீலில் பிரேக்கே கிடையாது; பல்லும் பட்டையும் உரசி டிக் டிக் என்று சத்தம் போடும், மீன் ஓடினால் உள்ளங்கையை விளிம்பில் வைப்பார்கள். ராடில் ரீலை மாட்டி, நூலைக் கொஞ்சம் வெளியே விட்டு, பிடியின் முன்பகுதியை ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். ரீல் பக்கம் தொப்பென்று சாய்ந்தால் வலிக்கு விடை கிடைத்தது.

ஆனாலும் மட்டமான ரீலை ஃபிட்டர் கண் மன்னிக்காது. சுருள் சக்கரத்தை விரலால் பக்கவாட்டில் ஆட்டுங்கள், கடகடவென்று ஆடக்கூடாது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில், நூலின் நுனியில் ஈயைக் கட்டுகிற மெல்லிய நைலான் நரம்பு நுழைகிற அளவு சந்து இருந்தால் என்றைக்காவது நல்ல மீன் நேரத்தில் நுழைந்து அறுத்துவிடும். வார்ப்பு ரீல் பாறையில் விழுந்தால் விரியலாம், முழு அலுமினியத்தில் கடைந்தெடுத்தது பெரும்பாலும் தாங்கும். பிரேக் உள்ளது என்றால் நூலை ஸ்பிரிங் தராசில் கட்டி மெதுவாக இழுங்கள். முள் சட்டென்று எகிறி அப்புறம் இறங்கினால் அந்தத் தொடக்க இழுப்பில்தான் மெல்லிய நரம்பு அறும். 5எக்ஸ் என்கிற அளவு நரம்பின் தடிமன் 0.15 மில்லிமீட்டர், தாங்குவது சுமார் இரண்டு கிலோ. விரால், கடல் மீன் என்று போகிறவர் ரீலுக்குக் காசு போடட்டும். ட்ரவுட்காரருக்கு இந்தச் சோதனைகளில் தேறுகிற இலேசான சாதா ரீல் போதும்.

இத்தனைக்குப் பிறகும் ராடு வேண்டும் என்று தோன்றினால் அது ஆசை. ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை, எனக்கும் உண்டு. ஆனால் விலைச்சீட்டைப் பிரித்துப் பாருங்கள். பெரிய பெயர் வெளிநாட்டு ராடுகளின் விலைக்குள் பல வருஷ உத்தரவாதமும் அடங்கியிருக்கிறது. நம் ஊரிலிருந்து அதைப் பயன்படுத்த ஒடிந்த துண்டை அனுப்பும் செலவு, அவர்கள் கேட்கும் கட்டணம், திரும்பி வரும்போது சுங்கம் எல்லாம் உங்கள் தலையில். விறைப்பான கார்பன் நொறுங்கவும் சுலபம். ஈயக்கண் வைத்த ஈ ஒருமுறை நுனியில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்; இரண்டு வாரம் கழித்து விரல் நீள மீனுக்கு 'டப்' என்று போகும். என் ஒரு ராடு அப்படித்தான் போனது. விற்ற கடை அது என் தவறு என்றது, பாதி உண்மைதான். அந்தத் துண்டை அனுப்பி வாங்க ஆன காசில் நடுத்தர ராடு ஒன்று வாங்கியிருக்கலாம்.

மச்சினன் மகன் கடைசியில் வாங்கியது 5-ஆம் எண் நூல் ஒன்று, தராசில் 9.2 கிராம். பழைய இலேசான ரீலைத் திரும்ப மாட்டினான். 78,000 ராடின் படம் இன்னும் அவன் போனில் இருக்கிறது என்று அவன் அத்தை சொல்கிறாள். வாங்கட்டும், பின்னால் நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகு.

எதை வாங்கினாலும் ஒன்பது அடி ராடு நான்கு துண்டாக வருகிறதா என்று பாருங்கள், உடுமலை பஸ்ஸில் தலைக்கு மேலே அடங்கும். அப்புறம் எங்கள் ஊர்ப் பனியில் நனைந்த ராடை ஈரத்தோடு குழாயில் போட்டு மூடாதீர்கள். பூச்சு கொப்பளித்து, கார்க் பிடி பூஞ்சை பூத்துவிடும். என்னுடையது ராத்திரி பூரா அடுப்படிச் சுவரில், முறத்துக்குப் பக்கத்தில் தொங்கும்.