கைக்கடக்கமான எம்பி3 பிளேயர்: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

செல்போன் இருக்கும்போது பாட்டு கேட்கத் தனியாக ஒரு கருவி எதற்கு என்று கேட்பவர்கள், விடியற்காலையில் குமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். ரப்பர் தோட்டத்துக்குள் பல இடங்களில் சிக்னல் எட்டிப் பார்க்காது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கமிருந்து தங்குகடலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகிறவர்களுக்கோ, கரை மறைந்த பிறகு வாரக்கணக்கில் நெட் கிடையாது. இது தவிர, போன் வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்கிற பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2022-இல் ஐபாடை நிறுத்திவிட்டாலும், தீப்பெட்டி அளவுப் பிளேயர்கள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும் சீனப் பொருளிலிருந்து சோனி வாக்மேன், ஃபியோ, ஹைபி வரை எல்லாம் உண்டு.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜிபியையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். என்ன கேட்கப் போகிறோம், எங்கே வைத்துக் கேட்கப் போகிறோம் என்ற இரண்டையும் கடைக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிட்டால் பாதித் தவறு நடக்காது.

பாட்டு உங்கள் கையில் இருக்கிறதா?

ஸ்பாட்டிஃபை மாதிரியான செயலிகளில் பணம் கட்டி, நூற்றுக்கணக்கான பாட்டுகளை டவுன்லோடு செய்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே பிளேயருக்கு மாற்றிவிடலாம் என்று நினைப்பார்கள். முடியாது. அந்தப் பாட்டுகள் பூட்டிய கோப்புகள். அந்தச் செயலிக்குள் மட்டும்தான் பாடும், சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். செயலியே வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு உள்ள பிளேயர்தான் வாங்க வேண்டும். அதற்கு விலை பல மடங்கு, பேட்டரியும் சீக்கிரம் தீரும். அந்தப் பணத்துக்கு ஒரு பழைய போனையே பாட்டுக்கென்று ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

இன்னொரு கூட்டம், சொந்தமாகப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள். கோயில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டை ராத்திரி முழுக்க போனில் பிடித்திருப்பார்கள். அது பெரும்பாலும் எம்4ஏ கோப்பாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு என்றால் ஓபஸ். மலிவான பிளேயர்களில் பல, எம்பி3-யும் வேவும் மட்டுமே படிக்கும். மற்றதைக் கண்டால் தாண்டிப் போய்விடும், அல்லது அப்படியே உறைந்து நின்றுவிடும். "மக்கா, இதுல எல்லாம் பாடும்" என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். பெட்டியில் எந்தெந்த வடிவம் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். எம்பி3-யாக மாற்றிக்கொள்வது பெரிய வேலை இல்லை, இலவச மென்பொருள்கள் உண்டு. ஆனால் அதைச் செய்து தர வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

வில்லுப்பாட்டு, பிரசங்கம், கதாகாலட்சேபம் மாதிரி நீண்ட பதிவு கேட்கிறவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா? பல பிளேயர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மூன்று மணி நேரப் பதிவில் இரண்டாவது மணிக்குப் போக, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தால், அடுத்த நாளே அந்தக் கருவி அலமாரிக்குப் போய்விடும்.

பிறகு, கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள். அனுமதி இல்லாமல் நகல் எடுத்து விற்பது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே கிடைக்கும் கோப்புகளின் தரமும் சுமார்தான். இடம் மிச்சம் பிடிக்க 64 கேபிபிஎஸ்ஸுக்கு (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு; குறைந்தால் தரமும் குறையும்) சுருக்கியதும் உண்டு. பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ வலைத்தளத்தின் விளம்பரம் ஓடும். அப்படிச் சுருக்கிய கோப்பை 320-க்கு மாற்றிவிட்டால் தரம் ஏறிவிடும் என்று சிலர் மெனக்கெடுகிறார்கள். ஒருமுறை போன விவரம் போனதுதான். கோப்பின் அளவு மட்டும்தான் பெரிதாகும். பழைய சிடி கையில் இருந்தால் அதிலிருந்து நேராக எடுப்பது எவ்வளவோ மேல்.

ஜிபி கணக்கும் போலி கார்டும்

5 நிமிடப் பாட்டு ஒன்று 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் சுமார் 5 எம்பி, 320-இல் 12 எம்பி. சிடி தரத்திலேயே இழப்பில்லாமல் வைக்கும் ஃபிளாக் என்றால் ஏறக்குறைய 30 எம்பி. ஆக 8 ஜிபி பிளேயரில் முதல் வகையில் ஏறத்தாழ 1,500 பாட்டு, இரண்டாவதில் 600 சொச்சம், ஃபிளாக்கில் 250 பிடித்தாலே அதிகம். பேருந்தில் வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகும்போது, ஹாரன் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறவருக்கு ஃபிளாக் தேவையே இல்லை. 192 கேபிபிஎஸ்ஸுக்கு மேல் இருந்தால் தாராளம்.

உள்ளே இருக்கும் இடத்தைவிட, கார்டு போடும் துளை இருக்கிறதா என்பது நம் ஊரில் முக்கியம். கம்ப்யூட்டர் இல்லாத வீடுகள்தான் அதிகம். துளை இருந்தால் கார்டைக் கழற்றி, போனில் மாட்டும் ஒரு சின்ன ஓடிஜி கார்டு ரீடரில் செருகி, போனிலிருந்தே பாட்டு மாற்றிவிடலாம். துளை இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் யாராவது லேப்டாப் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும்.

கார்டு வாங்குவதிலும் இரண்டு குழிகள் இருக்கின்றன. பழைய, மலிவு பிளேயர்கள் 32 ஜிபி வரைதான் ஏற்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும், கார்டில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ஃபேட் என்ற புது முறையில் வருகின்றன. ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும் தெரிந்த கருவி அதைப் பார்த்து 'கார்டு இல்லை' என்று சொல்லிவிடும். மற்றது போலி. 512 ஜிபி கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால், உள்ளே 8 அல்லது 16 ஜிபி சில்லை வைத்துவிட்டுப் பொய் அளவு காட்டும்படி செய்திருப்பார்கள். முதல் சில நூறு பாட்டு நன்றாகப் பாடும். அதற்கு மேல் ஏற்றியதெல்லாம் பெயர் மட்டும் இருக்கும், சத்தம் வராது. கார்டு வாங்கிய அன்றே அதை முழுதாக நிரப்பி, கடைசியாக ஏற்றிய பாட்டுகளைப் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இதைச் சரியாகச் சொல்லிவிடும்.

பாட்டின் வரிசையும் ஒரு தலைவலி. பல மலிவு பிளேயர்கள் அகர வரிசையைப் பார்ப்பதில்லை. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். பெயரைப் பார்த்து அடுக்கும் கருவியிலும் 1-க்கு அடுத்து 10 வரும், பிறகுதான் 2. பகுதி பகுதியாக இருக்கும் வில்லுப்பாட்டில், கதையின் சாமியான மாடன் பிறப்பதற்கு முன்பே வரம் வாங்கிவிடுவார். கோப்புகளுக்கு 01, 02 என்று எண் கொடுத்து, அதே வரிசையில் ஒவ்வொன்றாக நகல் எடுத்தால் இரண்டு வகைக் கருவியிலும் சரியாக வரும்.

தமிழ்ப் பெயர் தெரிகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். சிலவற்றில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இதைப் பிறகு சரிசெய்ய வழி கிடையாது. கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

தோட்டத்துக்கு வேறு, கடலுக்கு வேறு

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இருட்டு, தலையில் விளக்கு, ஒரு கையில் கத்தி. மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம். விரலில் பால் ஒட்டிக் காய்ந்திருக்கும். அந்த விரலுக்குத் தொடுதிரை சரியாக மசியாது. அவருக்கு வேண்டியது, சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தே அடுத்த பாட்டுக்குப் போக உதவும் மேடான பொத்தான்கள், பொத்தானைப் பூட்டிவைக்க ஒரு சுவிட்ச், பையில் மாட்ட ஒரு கிளிப். பளபளக்கும் பெரிய திரை அங்கே பேட்டரியைத் தின்பதைத் தவிர வேறெதற்கும் ஆகாது.

காட்டுப்பன்றி வரும் இடத்தில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. ஒரு காதில் மட்டும் மாட்டுவார்கள். ஆனால் ஸ்டீரியோ பாட்டில் ஒரு பக்கத்து வாத்தியம் மறு பக்கம் கேட்காது. சில பழைய பதிவுகளில் பாடகர் குரலே ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். 'மோனோ' அமைப்பு இருக்கும் பிளேயர் என்றால் இரண்டு பக்கமும் ஒரே காதில் வந்துவிடும். இதை விளம்பரத்தில் போடமாட்டார்கள். செட்டிங்ஸுக்குள் நுழைந்து தேடித்தான் பார்க்க வேண்டும்.

கடலோரத்துக் கதை வேறு. குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி ஊர்களில் உப்புக்காற்றே போதும், தண்ணீரில் விழ வேண்டியதில்லை. இயர்போன் செருகும் துளைக்குள் பச்சைக் களிம்பு பிடிக்கும். முதலில் ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வரும், பிளக்கைத் திருகினால் சரியாகும், பிறகு திருகினாலும் வராது. சார்ஜ் துளையும் இப்படியே போகும். துளைகளுக்கு ரப்பர் மூடி இருப்பதாகப் பார்த்து வாங்குவதும், பயன்படுத்தாதபோது ஜிப் கவரில் போட்டு வைப்பதும் பெரிய செலவில்லாத வழிகள்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருந்தால் கடலுக்கும் சரி என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. நீர்புகா அளவுகோலில் ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. ஐபிஎக்ஸ்4 வெறும் தெறிப்புக்குத்தான். சோனியின் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 மாதிரி ஒரு சில நீச்சல் மாடல்களில்தான் கடல்நீரையும் தாங்கும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. அதிலும் உள்ளே 4 ஜிபிதான், கார்டு துளையும் கிடையாது. கடலில் நனைந்த எதையும் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்திய பிறகே சார்ஜில் போட வேண்டும்.

விசைப்படகில் என்ஜின் சத்தத்தை மிஞ்ச ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் ஆனால் அது வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். காதை நன்றாக அடைக்கும் சிலிகோன் முனை உள்ள இயர்போன் போட்டால் என்ஜின் சத்தம் குறையும், ஒலியைக் கூட்ட வேண்டியிருக்காது. வேலை நேரத்தில் வேண்டாம், படுத்திருக்கும்போது மட்டும்.

ரேடியோ, புளூடூத், சார்ஜ்

எஃப்எம் உள்ளதா என்று கேட்டு வாங்குகிறவர்கள், அதற்கு இயர்போன் வயர்தான் ஆன்டெனா என்பதை மறந்துவிடுகிறார்கள். வயர் இல்லாமல் நாகர்கோவில் வானொலியின் 101 மெகாஹெர்ட்ஸ்கூட இரைச்சலோடுதான் வரும். மேற்கே களியக்காவிளைப் பக்கம் திருவனந்தபுரத்தின் 101.9-ம் கிடைக்கும். எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது, ஆழ்கடலுக்கு வராது. புயல் செய்திக்கு அதை நம்பிப் போகக் கூடாது, படகின் வயர்லெஸ்ஸைத்தான் நம்ப வேண்டும்.

புளூடூத் என்று போட்டிருந்தால் அது எந்தத் திசையில் என்று கேளுங்கள். சிலவற்றில் போனிலிருந்து பாட்டை வாங்கி ஒலிக்க மட்டும் முடியும். புளூடூத் இயர்போனுக்கு அனுப்ப முடியாது. ஹை-ரெஸ், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்பதெல்லாம் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும். சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். இந்த எண்களுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் நல்ல இயர்போன் ஒன்று வாங்கினால் வித்தியாசம் உடனே தெரியும். சின்னப் பிளேயருக்கு 16 முதல் 32 ஓம் வரை மின்தடை உள்ள இயர்போன் பொருந்தும்.

சி-டைப் துளை இருக்கிறது, போன் சார்ஜரே போதும் என்று நினைத்து வாங்கினால், சில கருவிகளில் இரண்டு முனையும் சி-யாக உள்ள வயரில் சார்ஜ் ஏறவே ஏறாது. கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் திரும்ப ஓடுவார்கள். செலவைக் குறைக்கச் சின்ன ரெசிஸ்டர்களை விட்டுவிடும் மலிவுக் கருவிகளில் இது சகஜம். ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பி உள்ள வயரைப் போட்டால் ஏறிவிடும்.

பெரியவர்களுக்கு வாங்குவதாக இருந்தால், ஒலிபெருக்கியும் சேர்ந்த பிளேயர்களில் பிஎல்-5சி பேட்டரி போடும் மாடலைத் தேடுங்கள். பழைய நோக்கியா போனில் வந்த அதே பேட்டரிதான். செல்போன் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். ஒட்டி மூடிய பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிட்டால், அதை மாற்றித் தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் பிளேயர்களுக்குப் பெரும்பாலும் இங்கே வாரண்டி செல்லாது; கொண்டுவரச் சொல்லும் முன் அந்த மாடலுக்கு இந்தியாவில் சர்வீஸ் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஐபாடு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்கள், அதில் பாட்டு ஏற்றக் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதையும், திரை ஓரத்தில் தூக்கி நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உப்பிய பேட்டரி உள்ளதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கார்டையும் இயர்போனையும் கையோடு கொண்டு போங்கள். கார்டில் ஒரு தமிழ்ப் பெயர்க் கோப்பு, ஒரு நீண்ட பதிவு, ஒரு எம்4ஏ, வரிசை எண் போட்ட நாலைந்து பாட்டு இருக்கட்டும். பத்து நிமிடம் போதும். பெட்டியைப் பிரிக்க விடமாட்டோம் என்றால், காட்சிக்கு வைத்திருக்கும் ஒன்றில் போட்டுக் காட்டச் சொல்லலாம். அதுவும் முடியாது என்றால் அடுத்த கடை இருக்கவே இருக்கிறது. ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதே சோதனைகளை வீட்டில் செய்துவிடுங்கள்.