பழைய டர்ன்டேபிளை திரும்ப ஓட வைக்கிறது எப்படி

பழைய ரெக்கார்ட் ப்ளேயர் ஒண்ணு கைக்கு வந்ததும் எல்லாரும் செய்யற முதல் வேலை ப்ளக்ல சொருகி ஓடுதான்னு பாக்கறதுதான், தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. இருபது முப்பது வருஷம் சும்மா கெடந்த மிஷின்ல ஆயில் காஞ்சு போயிருக்கும், கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருக்கும், பவர் கார்டை மடக்கினா வெடிப்பு தெரியும், அந்த நிலைமைல கரண்ட் குடுத்தா நல்லா இருக்கற மோட்டாரும் சுத்த முடியாம சூடாகி கெட்டுப்போகும். நான் பிரிச்சு பாத்த வரைக்கும் பழைய டர்ன்டேபிள்ல நெஜமாவே செத்துப்போன பாகம் ரொம்ப கம்மி, ஏதோ ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், இல்லன்னா ரப்பர் போயிருக்கும். அதனால பார்ட்ஸ் வாங்கற யோசனைய தள்ளி வச்சிட்டு முதல்ல சுத்தம் பண்ணுங்க.

இதை நான் கஷ்டப்பட்டுதான் கத்துக்கிட்டேன். முதல்ல கை வச்ச பெல்ட் டிரைவ் மிஷின், அதாவது மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் வழியா ரெக்கார்டை சுத்த வைக்கற வகை, 33-ல (நிமிஷத்துக்கு 33⅓ சுத்து) மெதுவா ஓடிச்சு, பாட்டு எல்லாம் இழுத்து இழுத்து வந்துச்சு. புது பெல்ட் போட்டேன், கொஞ்சம்கூட மாறல. மோட்டார்தான் போச்சுன்னு முடிவு பண்ணி மாசக்கணக்கா அதே மாடல் மோட்டார் தேடிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் ப்ளாட்டரை (ரெக்கார்டை வைக்கற, சுத்தற வட்டம்) கழட்டிட்டு அதோட நடு அச்சான ஸ்பிண்டிலை ரெண்டு விரலால சும்மா சுண்டி விட்டேன், அரை சுத்துகூட வரல, அப்படியே நின்னுச்சு. உள்ள பாத்தா ஆயில் பழுப்பு நிறத்துல கோந்து மாதிரி ஆயிருக்கு. தொடச்சு ரெண்டு சொட்டு ஆயில் விட்டதும் பழைய பெல்ட்லயே சரியான ஸ்பீடுக்கு வந்துடுச்சு. இப்போ எந்த மிஷின் வந்தாலும் இந்த சுண்டு டெஸ்ட்தான் எனக்கு முதல் வேலை.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹெட்ஷெல்லை (ஆர்ம் நுனில முள்ளு மாட்டியிருக்கற பாகம்) கழட்டி தனியா ஒரு டப்பால வச்சிடுங்க, கழட்ட முடியாத மாடல்னா முள்ளுக்கு பாதுகாப்பு மூடி மாட்டி ஆர்மை கட்டிடுங்க. ரிப்பேர் நேரத்துல மிஷினை தலைகீழா திருப்ப வேண்டி வரும், அப்போ உடையறது எப்பவும் முள்ளுதான். ஒவ்வொரு ஸ்டெப்லயும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டைல இருந்துச்சுன்னு மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஸ்பிரிங் மேல மிதக்கற மாதிரி இருக்கற மிஷின்ல டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூ இருக்கும், தூக்கிட்டு போகும்போது இறுக்கணும், ஓட்டும்போது தளர்த்தணும், பல பேர் இதை இறுக்கினபடியே வருஷக்கணக்கா ஓட்டியிருப்பாங்க.

அடுத்தது கரண்ட் சமாச்சாரம். பின்னாடியோ அடியிலயோ வோல்டேஜ் எழுதியிருக்கும், 110-னு இருந்தா 230-ல நேரா சொருகக்கூடாது, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாம விட்டுடறது ஹெர்ட்ஸ், அதாவது ஏசி கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை மாறி மாறி வருதுங்கற கணக்கு. ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் போட்ட மிஷின் லைன்ல வர்ற 50 ஹெர்ட்ஸையோ 60 ஹெர்ட்ஸையோ நம்பித்தான் ஸ்பீடை பிடிக்குது, 60-க்கு செஞ்ச மிஷினை 50 இருக்கற இடத்துல ஓட்டினா 33⅓ வர வேண்டிய இடத்துல 28-கூட வராது. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது, அதனால சரியான சைஸ் புல்லி (மோட்டார் அச்சு நுனில இருக்கற சின்ன உருளை) மாத்தித்தான் ஆகணும். ஸ்விட்ச் பக்கத்துல சின்னதா ஒரு கெபாசிட்டர் இருக்கும், ஆஃப் பண்ணும்போது ஸ்பீக்கர்ல டப்புனு சத்தம் வராம இருக்க போட்டது, அது வெடிச்சு கீறல் விட்டிருந்தா யோசிக்காம மாத்திடுங்க, அதுவும் எக்ஸ்2 ரேட்டிங் (லைன் கரண்ட்ல போடறதுக்குன்னே செஞ்ச வகை) உள்ளதாதான் போடணும். லைன் கரண்ட் வர்ற இடத்துல சாலிடரிங் பண்ணி பழக்கமில்லன்னா இந்த ஒரு வேலைய மட்டும் எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்க கிட்ட குடுத்துடுங்க, இதுல பிடிவாதம் வேண்டாம்.

இப்போ பேரிங், அதாவது ஸ்பிண்டில் உக்காந்து சுத்தற குழி. என்னைக் கேட்டா மொத்த மிஷினோட உயிரே இங்கதான். ப்ளாட்டரை எடுக்கறதுல ரெண்டு மூணு வகை இருக்கு, சிலதுல நடுவுல சி மாதிரி கிளிப் போட்டிருக்கும், கிளிப்பை எடுக்கும்போது மேல ஒரு துணிய போட்டு பிடிச்சுக்கோங்க, இல்லன்னா தெறிச்சு எங்க போச்சுன்னே தெரியாது. சிலதுல ரெண்டு ஓட்டை வழியா விரல் விட்டு நேரா மேல தூக்கினா வந்துடும், சாய்ச்சு இழுக்காதீங்க. ஸ்பிண்டிலை வெளில எடுத்ததும் குழி அடியில சின்ன எஃகு குண்டு இருக்கான்னு பாருங்க, சில மாடல்ல தனியா இருக்கும், ஆயில்ல ஒட்டிக்கிட்டு ஸ்பிண்டிலோடயே வந்து தரையில உருண்டுடும். துணில ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைச்சு ஸ்பிண்டிலை தொடைங்க, குழிக்குள்ள நூல் உதிராத துணிய குச்சில சுத்தி, கருப்பு வர்றது நிக்கற வரைக்கும் மாத்தி மாத்தி தொடைங்க, அஞ்சாறு துணி போகும், பரவால்ல. ஆல்கஹால் நல்லா காஞ்சப்புறம் சுத்தமான டர்ன்டேபிள் ஆயில், இல்லன்னா டிடர்ஜென்ட் கலக்காத மிஷின் ஆயில் சில சொட்டு விட்டு ஸ்பிண்டிலை இறக்குங்க. பேரிங் நல்லா இருந்தா அது டபக்குனு விழாது, உள்ள இருக்கற காத்து வெளியேற இடமில்லாம மெதுவா, நிதானமா தானே கீழ இறங்கும், அதை பாக்கறப்போ வர்ற நிம்மதியே தனி. பக்கவாட்டுல ஆட்டிப் பாத்தா ஆட்டம் இருக்கவே கூடாது. துரு எடுக்கற ஸ்ப்ரேய மட்டும் இங்க அடிக்காதீங்க, முதல் வாரம் நல்லா ஓடும், அப்புறம் அது ஆவியாகி பேரிங் வறண்டு தேய ஆரம்பிச்சிடும்.

மோட்டாருக்கும் இதே கதைதான். மேலயும் கீழயும் மோட்டார் அச்சை தாங்கற புஷ்னு பித்தளை கலர்ல ஒரு வளையம் இருக்கும், அது ஆயிலை உறிஞ்சி வச்சுக்கற வகை, அதனால ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் ஊற விட்டு, மறுபடியும் ஒரு சொட்டு விடுங்க. புல்லி மேலயோ பெல்ட் ஓடற இடத்துலயோ ஒரு துளிகூட படக்கூடாது.

டிரைவ் எந்த வகைன்னு பாத்துதான் மிச்ச வேலை. பெல்ட்னா, பழசு சில நேரம் உருகி தார் மாதிரி ப்ளாட்டர்ல ஒட்டியிருக்கும், அதை ஆல்கஹால் போட்டு பொறுமையா சுரண்டி எடுக்கணும், கத்தி வைக்காதீங்க. பெல்ட் சைஸ் தெரியலன்னா புல்லிய சுத்தி பெல்ட் போற பாதையில ஒரு நூலை சுத்தி அளந்துக்கோங்க, புது பெல்ட் அதைவிட நூத்துக்கு அஞ்சு பங்கு கம்மியா இருந்தா சரியா இருக்கும், அதுக்கு மேல இறுக்கமா இருந்தா மோட்டார் புஷ் தேஞ்சு போகும். ஐட்லர் சக்கரம் (மோட்டாருக்கும் ப்ளாட்டருக்கும் நடுவுல உரசி சுத்தற ரப்பர் சக்கரம்) போட்ட மிஷின், 1954-ல வந்த கேரார்ட் 301 மாதிரி கனமான ஆளுங்க, இதுல ரப்பர் சக்கரம்தான் எல்லாம். ரப்பர் மினுமினுன்னு கண்ணாடி மாதிரி இருந்தா பிடிப்பு போச்சுன்னு அர்த்தம், ரொம்ப மெல்லிசு உப்புத்தாளை சமமா ஒரு சுத்து பிடிச்சு, ஆல்கஹால்ல தொடச்சா பெரும்பாலும் திரும்ப பிடிக்கும். ஆனா ஆன்ல வச்சபடியே கரண்டை எடுத்துட்டு வருஷக்கணக்கா விட்டிருந்தா ஒரே இடத்துல அமுங்கி பள்ளம் விழுந்திருக்கும், அப்போ ஒவ்வொரு சுத்துக்கும் டும் டும்னு கேக்கும், அதுக்கு புதுசா ரப்பர் ஏத்தறதுதான் வழி. டைரக்ட் டிரைவ்ல, 1972-ல வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 குடும்பம் மாதிரி, பெல்டும் இல்ல சக்கரமும் இல்ல, மோட்டாரே ப்ளாட்டரை நேரா சுத்தும், அங்க ஸ்பீடு தடுமாறினா முதல்ல 33/45 பட்டனையும் பிட்ச் ஸ்லைடரையும் (ஸ்பீடை கொஞ்சம் கூட்டி குறைக்கற நகர்த்தி) கான்டாக்ட் கிளீனர் அடிச்சு நூறு தடவை முன்னும் பின்னும் நகத்துங்க, அதுக்கப்புறமும் சரியாகலன்னாதான் போர்டுல இருக்கற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் பக்கம் போகணும்.

இதெல்லாம் முடிச்சு இப்போ கரண்ட் குடுங்க. ஸ்பீடு பாக்க எந்த கருவியும் வேண்டாம், ப்ளாட்டர் ஓரத்துல ஒரு துண்டு டேப் ஒட்டிட்டு ஒரு ரெக்கார்டை போட்டு முள்ளையும் இறக்கி எண்ணுங்க, 33⅓-ல சரியா 3 நிமிஷத்துக்கு 100 சுத்து வரணும். ஸ்ட்ரோப் புள்ளி (லைன் கரண்ட்டோட சேந்து மினுக்கற விளக்குல, ஸ்பீடு சரியா இருந்தா அசையாம நிக்கற மாதிரி தெரியற புள்ளி வரிசை) இருக்கற ப்ளாட்டர்னா ரெண்டு விஷயம் கவனிங்க, 50 ஹெர்ட்ஸ் வரிசைல 180 புள்ளியும் 60-ல 216 புள்ளியும் இருக்கும், தப்பான வரிசைய பாத்துட்டு பயந்துடாதீங்க, அப்புறம் வீட்டு எல்ஈடி பல்பு நிறைய வகை அந்த மாதிரி மினுக்கறது இல்ல, அதுல பாத்தா புள்ளி நிக்கவே நிக்காது.

ஆட்டோமேட்டிக் மாடல் வச்சிருக்கறவங்களுக்கு வேலை ஜாஸ்தி. ஆர்ம் பாதில நிக்குது, தட்டு முடிஞ்சும் திரும்பல, நடுவுல இறங்குது, இந்த மூணுக்கும் காரணம் பெரும்பாலும் அடியில இருக்கற லீவர்ல காஞ்ச கிரீஸ்தான். லீவரை வளைக்காதீங்க, நெம்பாதீங்க. ஒவ்வொரு லீவரா கழட்டி பழைய கிரீஸை சுரண்டி, ஆல்கஹால்ல தொடச்சு, இரும்பும் இரும்பும் உரசற இடத்துல மட்டும் மெல்லிசா புது கிரீஸ் தடவுங்க, அதிகமா அப்பினா திரும்ப பத்து வருஷத்துல இதே நிலைமைதான். கழட்டாம மேலாக்க ஸ்ப்ரே அடிச்சா கரைஞ்ச அழுக்கு எல்லாம் இன்னொரு மூட்டுல போய் உக்காந்துக்கும்.

டோன்ஆர்ம், அதாவது முள்ளை தாங்கற ஆர்ம், அதோட பேரிங்குக்கு ஆயில் விடவே விடாதீங்க, அது வறண்டே ஓடற மாதிரிதான் பெரும்பாலும் செஞ்சிருப்பாங்க. ஆர்மை பேலன்ஸ் பண்ணிட்டு லேசா ஊதினா நகரணும், அங்கங்க சிக்கி நின்னா பேரிங் அடி வாங்கியிருக்கு. பேலன்ஸ்னா பின்னாடி வெயிட்டை திருப்பி ஆர்ம் மேலயும் போகாம கீழயும் போகாம மிதக்க வைக்கணும், ஆன்டி ஸ்கேட்டிங்கை (ஆர்ம் உள்பக்கமா இழுபடாம தடுக்கற அட்ஜஸ்ட்மென்ட்) அப்போ பூஜ்யத்துல வச்சுக்கோங்க. மிதந்ததும் வெயிட்ல இருக்கற நம்பர் வளையத்தை மட்டும் 0-க்கு கொண்டு வந்து, அப்புறம் மொத்த வெயிட்டையும் திருப்பி கார்ட்ரிட்ஜுக்கு (முள்ளோட அசைவை கரண்டா மாத்தற சின்ன பெட்டி) சொன்ன கிராமுக்கு வைங்க, மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்கு பெரும்பாலும் ஒன்றரைல இருந்து ரெண்டரை கிராமுக்குள்ள வரும். ஆன்டி ஸ்கேட்டிங்கையும் அதே நம்பருக்கு வைங்க. வெயிட்டை குறைச்சா தட்டு தேயாதுன்னு நெனச்சு கார்ட்ரிட்ஜுக்கு சொன்னதுக்கும் கீழ வைக்கறவங்க நிறைய, அது தப்பு, முள்ளு க்ரூவ்ல (தட்டுல இருக்கற பள்ளக்கோடு) ஒழுங்கா உக்காராம துள்ளித் துள்ளி சுவரை இடிக்கும், சேதம் அப்போதான் ஜாஸ்தி.

முள்ளை பத்தி ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். பழைய மிஷினோட வந்த முள்ளு எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு உங்களுக்கு தெரியாது, வைர முள்ளே 500-ல இருந்து 1000 மணி நேரம்தான், அதனால அதுல உங்க நல்ல தட்டு எதையும் போடாதீங்க, புதுசு மாத்திட்டு போடுங்க. இந்த ஒரு இடத்துல மட்டும் சுத்தம் பண்ணி சமாளிக்க முடியாது, காசு செலவு பண்ணித்தான் ஆகணும். 78 தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடற பழைய தட்டு இருந்தா அதுக்கு முள்ளே வேற, 1948-ல 33⅓-ல ஓடற எல்பி வந்தப்போ க்ரூவை ரொம்ப மெல்லிசாக்கிட்டாங்க, எல்பி முள்ளை 78-ல வச்சா க்ரூவோட அடியில போய் உரசும், 78 முள்ளை எல்பில வச்சா தட்டு காலி. இன்னொண்ணு, ஷெல்லாக் (அரக்கு) 78 தட்டுல ஆல்கஹால் படவே கூடாது, தட்டே கரைஞ்சிடும்.

சத்தம் ஒரு பக்கம் மட்டும் வருதா, ஹெட்ஷெல் பின்னாடி நாலு வயர் இருக்கும், வெள்ளை இடது, நீலம் இடதோட நெகட்டிவ், சிவப்பு வலது, பச்சை வலதோட நெகட்டிவ். ஆம்ப்ளிபயர்ல ரெண்டு ஆர்சிஏ பின்னையும் மாத்தி சொருகிப் பாருங்க, சத்தம் வராத பக்கமும் கூடவே மாறினா கோளாறு டர்ன்டேபிள்ல, மாறலன்னா ஆம்ப்ல. டர்ன்டேபிள்ல இருந்தா பத்துல எட்டு தடவை ஹெட்ஷெல் கான்டாக்ட்ல பச்சை பூத்திருக்கும், பென்சில் அழிக்கற ரப்பரால தேச்சு தொடச்சா போதும். ஓயாம ம்ம்ம்னு ரீங்காரம் வந்தா கிரவுண்ட் வயர் ஆம்ப்ல மாட்டியிருக்கான்னு பாருங்க. சத்தமே ரொம்ப கம்மியா, பாஸே இல்லாம தகரம் மாதிரி வந்தா எதுவும் கெடல, மேக்னெட் கார்ட்ரிட்ஜ் குடுக்கறது சில மில்லிவோல்ட்தான், அதுக்கு போனோன்னு எழுதின இன்புட் வேணும், இல்லன்னா தனியா ஒரு போனோ ப்ரீஆம்ப் வேணும்.

சரியாகி ஓட ஆரம்பிச்சப்புறம் பெரிய வேலை கிடையாது. ஒவ்வொரு பக்கமும் போடறதுக்கு முன்னாடி முள்ளை பின்னாடில இருந்து முன்னாடி பக்கமா மட்டும் ப்ரஷ் பண்ணுங்க, விரலால தொடாதீங்க. பெல்டை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டி தொடச்சு மாட்டுங்க, பேரிங் ஆயில் ஒன்னு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். ஐட்லர் மிஷினை கேட்டு முடிச்சதும் ஸ்விட்ச் போர்டுல அணைக்காதீங்க, மிஷினோட சொந்த ஸ்விட்சை ஆஃப்ல வைங்க, அப்போதான் ரப்பர் சக்கரம் புல்லிய விட்டு விலகி நிக்கும். ரொம்ப நாள் ஓட்டப்போறதில்லன்னா பெல்டை கழட்டி வச்சிடுங்க, மாசம் ஒரு தடவை ஒரு பத்து நிமிஷமாவது மிஷினை சுத்த விடுங்க.