எப்சிலான் வளையத்தின் பாதையை நீங்களே கணக்கிடலாம்

யுரேனஸின் முக்கிய வளையங்களில் பெரும்பாலானவை பத்து கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதவை. பூமியிலிருந்து எடுக்கும் படங்களில் அந்த அகலம் தெரியாது. ஆனால் வளையம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்போது ஒளி மங்கும் நேரத்தைக் குறித்துவிட்டால், வளையம் எங்கே இருந்தது என்பதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான பிழையோடு சொல்லிவிடலாம். 1977 மார்ச் 10 அன்று இந்த வளையங்கள் அகப்பட்டதே அப்படித்தான். ஜேம்ஸ் எலியட் குழு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே கைப்பர் விமான ஆய்வகத்தில் பறந்தபடி அளந்தது. அதே இரவில் நம் காவலூர் வானாய்வகத்தில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒளி மங்கியதைப் பதிவு செய்தார்கள்.

இத்தகைய நேரங்களிலிருந்து வளையத்தின் பாதையைக் கணக்கிட என்னிடம் கற்க வருபவர்களை, யுரேனஸின் எப்சிலான் வளையத்தில்தான் தொடங்கச் சொல்வேன். முக்கிய வளையங்களிலேயே அகலமானதும் அதிகம் நீள்வட்டமானதும் அதுதான். அதனால் விடை கண்ணுக்குத் தெரிகிற அளவில் வரும்.

தரவு நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 பதிவு செய்த மறைப்புகளும் அங்கே உள்ளன. நட்சத்திரம் வளையத்துக்குப் பின்னால் ஒருமுறை கடப்பதை ஒரு வெட்டு என்போம். ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று எண்கள் தேவை: நேரம், கோளின் மையத்திலிருந்து தூரம், தீர்க்கரேகை. நேரத்திலிருந்து தூரத்துக்கு வர, நட்சத்திரம் வளையத் தளத்தை எந்த இடத்தில் கடந்தது என்று கணக்கிட வேண்டும். அதற்கு யுரேனஸின் துருவம் எந்தத் திசையை நோக்குகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை செய்பவர்கள் தயாராகக் கிடைக்கும் தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

வளையத்தின் நடுவை மட்டும் குறிக்காதீர்கள். உள் விளிம்பையும் வெளி விளிம்பையும் தனித்தனியே எடுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன்.

அடுத்து நீள்வட்டத்தைப் பொருத்த வேண்டும். எக்செல் போதும், பைத்தான் தெரிந்தால் இன்னும் சுலபம். சராசரி ஆரம் சுமார் 51,149 கி.மீ., மையப்பிறழ்வு (வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு) 0.0079 என்று தொடங்கலாம். நீள்வட்டம் ஒரே திசையில் நிற்காது. யுரேனஸ் இடுப்பில் சற்றுப் பருத்திருப்பதால் அதன் நீள் அச்சு நாளுக்கு 1.36 டிகிரி திரும்புகிறது, ஒரு சுற்றுக்குச் சுமார் 264 நாள். இந்த வேகத்தைச் சேர்க்காமல் இரண்டு வருடத் தரவைப் பொருத்தினால் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சேர்த்ததும் எல்லாம் ஒரு கோட்டில் வந்து அமரும். அந்தக் கணம் எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது.

இப்போது விளிம்புகளுக்கு வருவோம். ஒவ்வொரு வெட்டிலும் அகலத்தைத் தூரத்துக்கு எதிராக வரையுங்கள். கோளுக்கு அருகில் வரும்போது அகலம் 20 கி.மீ., தொலைவில் 96 கி.மீ., நடுவே ஏறக்குறைய நேர்கோடு. இரு விளிம்புகளும் ஒரே திசையில் நீண்டிருக்கின்றன என்பதுதான் இதன் பொருள். ஆனால் கோளின் பருமன் மட்டும் வேலை செய்தால், வெளி விளிம்பு கொஞ்சம் மெதுவாகத் திரும்ப வேண்டும். சராசரியாக 58 கி.மீ. இடைவெளிக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 2 டிகிரி வித்தியாசம் வருகிறது. அப்படியானால் அவை எப்போதோ பிரிந்து, ஒன்றோடு ஒன்று மோதியிருக்கும். வளையத்தின் சொந்த ஈர்ப்பே விளிம்புகளைப் பூட்டி வைக்கிறது என்று கோல்ட்ரைக், ட்ரெமைன் இருவரும் 1979இல் விளக்கினார்கள். முழுக்கதையும் அது மட்டும்தானா என்ற விவாதம் பிறகும் நடந்தது. இந்த வரைபடத்தை ஒருமுறை சொந்தக் கையால் போட்டவர்களுக்கே அந்த விவாதத்தின் எடை புரியும் என்பது என் எண்ணம்.

எப்சிலான் பிடிபட்டதும் டெல்டா, காமா என்ற மற்ற இரு வளையங்களுக்குப் போங்கள். அங்கே நீள்வட்டத்தைக் கழித்த பிறகும் சில கிலோமீட்டர் மீதி நிற்கும். அதைப் பிழை என்று ஒதுக்காதீர்கள். டெல்டாவில் அந்த மீதி, வளையத்தைச் சுற்றி இரண்டு மேடு இரண்டு பள்ளமாக வரும். காமாவிலோ வளையம் முழுவதும் ஒன்றாக விரிந்து சுருங்குகிறது. ஆகவே அதன் மீதியை நேரத்துக்கு எதிராக வரைய வேண்டும். ஒரு விரிவு-சுருக்கத்துக்குச் சுமார் ஏழரை மணி நேரம். மறைப்புகளுக்கு நடுவிலோ மாதக்கணக்கில் இடைவெளி. அதனால் பல தவறான கால அளவுகளும் பொருந்துவதுபோலத் தோன்றும். ஏழரை மணிக்கு இருபுறமும் மிகச் சிறிய படிகளில் தேடி, மீதி எங்கே மிகக் குறைவாகிறதோ அதை எடுங்கள்.