பழ ஈப் புழுவில் திசு மீள்வளர்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழ ஈயின் புழுவில் சிதைந்த திசு மீண்டும் வளர்வதைப் பற்றிப் படிக்க வருபவர்கள், எந்தத் திசுவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலேயே முதலில் சறுக்குகிறார்கள். புழுவின் தோல், உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவற்றின் செல்கள் பிரிவதில்லை. டிஎன்ஏவை மட்டும் பலமடங்காக்கிக்கொண்டு பருக்கின்றன. தோலில் ஊசியால் குத்தினால், சுற்றியுள்ள செல்கள் நகர்ந்தும் ஒன்றோடொன்று இணைந்தும் துளையை மூடிவிடுகின்றன. புதிய செல் எதுவும் பிறப்பதில்லை. அது காயம் ஆறுவது மட்டுமே. உண்மையான மீள்வளர்ச்சி, வருங்கால ஈயின் இறக்கை, கால், கண் முதலியவற்றுக்காகப் புழுவுக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ள சிறு செல் தகடுகளான இமேஜினல் வட்டுகளில்தான் நடக்கிறது.

மூன்றாம் பருவப் (புழுப் பருவத்தின் கடைசிக் கட்டப்) புழுவைக் குறுக்கே வெட்டி, முன்பாதியைக் காலுறையைப் புரட்டுவதுபோல் உள்ளிருந்து வெளியே புரட்டினால், மூச்சுக்குழலை ஒட்டிப் பேரிக்காய் வடிவில் ஒளி ஊடுருவும் சிறு தகடு ஒன்று தெரியும். அதுதான் இறக்கை வட்டு. ஏறக்குறைய 50 செல்களுடன் தொடங்கும் அது, புழுப் பருவம் முடிவதற்குள் 30,000 செல்களைத் தாண்டிவிடுகிறது. அதன் ஒரு பகுதி அழிந்தால், எங்கோ காத்திருக்கும் குருத்தணுக்கள் வந்து நிரப்புவதாகப் பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. அழிவில் தப்பிய வட்டின் செல்களே பெருகி இழப்பை ஈடுசெய்கின்றன.

என் கணிப்பில், மிகப் பெரிய தவறு காலத்தை மறப்பதுதான். வழக்கமான சோதனை முறையில், புழுக்களை 18 டிகிரியில் வளர்த்து, ஒரு நாள் அளவுக்கு 30 டிகிரிக்கு மாற்றி, இறக்கைப் பகுதியில் மட்டும் ரீப்பர் போன்ற செல்கொல்லி மரபணுவை இயங்கச் செய்து, பிறகு பழைய வெப்பநிலைக்கே திருப்பிவிடுவார்கள். சிதைந்த வட்டு தன் செல்களைப் பெருக்குவதோடு நிற்பதில்லை. டில்ப்8 என்னும் புரதத்தைச் சுரந்து, கூட்டுப்புழுவாவதைத் தூண்டும் எக்டைசோன் இயக்குநீர் பெருகுவதை மூளை வழியாகத் தாமதப்படுத்தி, புழு கூட்டுப்புழுவாவதையே ஒத்திப்போடுகிறது. 2012-இல் தெரியவந்த இச்செய்தியை மனத்தில் கொள்ளாமல், முட்டையிட்டு இத்தனை மணி நேரம் என்று மட்டும் கணக்கிட்டுச் சிதைந்த வட்டையும் சிதையாத வட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், வெவ்வேறு வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் இரண்டைத்தான் ஒப்பிடுகிறோம். மணியோடு வளர்ச்சிக் கட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒப்பீட்டுப் புழுக்களும் அதே வெப்பநிலை மாற்றத்துக்கு உள்ளாகியிருக்க வேண்டும். முட்டைகளைச் சில மணி நேர இடைவெளிக்குள் சேகரிப்பதும், ஒரு குப்பியில் புழுக்கள் நெரியாமல் பார்த்துக்கொள்வதும் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நெரிசல் மட்டுமே வளர்ச்சியைத் தாமதப்படுத்தப் போதுமானது.

இதிலிருந்தே இன்னொரு பிழை கிளைக்கிறது. ஏதோ ஒரு மரபணு குறைந்த ஈக்களின் இறக்கை சிறுத்திருந்தால், அம்மரபணு மீள்வளர்ச்சிக்குத் தேவை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அப்புழுக்களில் தொடக்கத்திலேயே கூடுதல் செல்கள் இறந்திருக்கலாம். அல்லது அவை முன்கூட்டியே கூட்டுப்புழுவானதால் வளர அவகாசம் கிடைக்காமல் போயிருக்கலாம். அழிப்பு முடிந்தவுடன் வட்டுகளை எடுத்துப் பார்ப்பதும், கூட்டுப்புழுவாகும் நேரத்தைக் குறித்துவைப்பதும் இவ்விரண்டு சந்தேகங்களையும் பெருமளவு தீர்த்துவிடும். புழு மூன்றாம் பருவத்தின் இறுதியை நெருங்கும்போது மீள்வளர்ச்சித் திறன் வெகுவாகக் குறைந்துவிடுவதால், எந்த வயதில் சிதைத்தோம் என்பதையும் முடிவோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

செல்சாவைத் தடுக்கும் பி35 புரதத்தைப் பயன்படுத்தும் ஆய்வுகளைப் படிக்கும்போதும் கவனம் தேவை. சாகத் தொடங்கியும் சாக முடியாத செல்கள், அண்டைச் செல்களைப் பெருகத் தூண்டும் சமிக்ஞைகளைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கே காணும் மிகைவளர்ச்சியை இயல்பான மீள்வளர்ச்சியாகக் கொள்ளக் கூடாது.

மீண்டும் வளர்ந்தது பழைய உறுப்பாகவே இருக்கும் என்றும் உறுதியாக நம்பிவிட வேண்டாம். சூரிச்சில் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹாடோர்ன், வட்டுத் துண்டுகளை வளர்ந்த பெண் ஈக்களின் வயிற்றுக்குள் வைத்து நெடுங்காலம் வளர்த்தபோது, பிறப்புறுப்பு வட்டிலிருந்து வந்த சில செல்கள் கால், உணர்கொம்பு ஆகியவற்றின் பகுதிகளாகவே மாறின.

இறுதியாக நுண்ணோக்கி வேலை. இறக்கும் செல்கள் மேற்பரப்பில் தங்காமல் வட்டின் செல்படலத்தின் அடிப்புறமாக வெளியேற்றப்படுகின்றன. மேல்தளத்தை மட்டும் படமெடுத்து எண்ணினால் சாவின் அளவு குறைவாகவே தெரியும். ஆகவே வட்டின் முழு ஆழத்தையும் அடுக்கடுக்காகப் படமெடுத்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும்.