இரட்டைக் குழிக் கழிப்பறை: கொத்தனாரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியவை

இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு நேரத்தில் ஒரு குழிதான் ஓடும். அது நிரம்பியதும் கழிவை மற்றதற்குத் திருப்பிவிட்டால், நிரம்பிய குழி ஓய்வில் கிடந்து மக்கும். இந்தக் குழியின் அடியில் காங்கிரீட் போடாமல் விட்டுவிடப் பெரும்பாலான கொத்தனார்களுக்கு மனம் வராது. அவர்கள் மனதில் இருப்பது செப்டிக் டேங்க். அது தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டி. இதுவோ தண்ணீரை மண் குடிக்க வேண்டிய குழி. மூன்றடி அகலமும் நான்கடி ஆழமும் உள்ள குழி சுமார் 800 லிட்டர்தான் கொள்ளும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்குப் பத்து லிட்டர் ஊற்றினாலும் நாளுக்கு 50 லிட்டர். அடியையும் சுவரையும் சிமெண்ட் பூசி அடைத்தால் பதினாறே நாளில் தளும்பிவிடும். மண் குடிக்க விட்டால் அதே குழி ஏறக்குறைய மூன்று ஆண்டு வரும். ஆகவே அடி வெறும் மண்ணாக இருக்க வேண்டும். செங்கல்லைத் தேன்கூடு போல இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். சிமெண்ட் உறை இறக்குவதாக இருந்தால் துளையுள்ள உறையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. முதல் குழி நிரம்பினால் வழிந்து இரண்டாவதற்குப் போகட்டும் என்று இரண்டையும் குழாயால் இணைத்துவிடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் குழிக்கு ஓய்வே கிடைக்காது, கழிவு மக்காது. சரியான முறையில் கழிப்பறைப் பேசினுக்கும் குழிகளுக்கும் நடுவே மூடியுள்ள ஒரு சிறு தொட்டி இருக்கும். அதிலிருந்து ஒய் எழுத்தைப் போல இரண்டு வழிகள் பிரியும். மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு வாய் மட்டும் திறந்திருக்க வேண்டும். மற்றதைச் செங்கல் துண்டும் களிமண்ணும் வைத்து அடைத்திருக்க வேண்டும். பல வீடுகளில் இரண்டு வாயும் திறந்தே கிடக்கும். அப்படியானால் இரண்டு குழியும் சேர்ந்தே நிரம்பும். பச்சைக் கழிவை அள்ள யாரையாவது தேட வேண்டிவரும். கையால் மலம் அள்ளவைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மனிதன் மலத்தைத் தொடவே தேவையில்லாதபடி வடிவமைத்த கழிப்பறையை, ஓர் அரைச் செங்கல்லை வைக்க மறந்து பாழாக்குவது எரிச்சலூட்டுகிறது.

இரண்டு குழிகளுக்கும் இடையே குறைந்தது மூன்றடி மண் இருக்கட்டும். இல்லையென்றால் ஓடுகிற குழியின் ஈரம் ஓய்வில் இருக்கும் குழிக்குள் கசியும்.

‘இன்னும் நாலு உறை இறக்கினால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். ஆழம் கூடக்கூடக் குழியின் அடி நிலத்தடி நீரை நெருங்கும். கிணற்று நீர் கெடும். மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பக்கத்துக் கிணற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்தும் அடிபம்பிலிருந்தும் பத்து மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். நீர்மட்டம் மிக உயர்ந்த ஆற்றோர ஊர்களுக்கு இந்த முறையே பொருந்தாமல் போகலாம். காவிரிக் கரையில் முசிறிப் பகுதியில், 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்புராமனின் ஸ்கோப் அமைப்பு வேறு வழியில் போனது. அங்கே அறை தரைக்கு மேலே இருக்கும்; சிறுநீர் தனியே பிரியும்; மலத்தின் மீது சாம்பல் தூவுவார்கள்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. குளியலறைத் தண்ணீரைக் குழிக்குள் விடக் கூடாது. அதற்குத் தனி உறிஞ்சு குழி வேண்டும். ஆசிட், பினாயிலைத் தாராளமாக ஊற்றினால் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சாகும். காற்றுக் குழாய் தேவையில்லை, வாயுவையும் மண்ணே இழுத்துக்கொள்ளும். பேசின் சரிவு அதிகமுள்ள கிராமப்புற வகையாக இருந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். நகரத்துப் பேசினை வைத்துவிட்டு வாளி வாளியாக ஊற்றுவது குழிக்கும் நல்லதல்ல, தண்ணீர் சுமக்கும் பெண்களுக்கும் நல்லதல்ல.

குழியை மாற்றிய தேதியைக் கழிப்பறைச் சுவரில் பெயிண்டால் எழுதிவையுங்கள். நிரம்பி ஓய்வில் இருக்கும் குழியை ஓர் ஆண்டு முடியும்வரை திறக்கவே வேண்டாம். ஒன்றரை, இரண்டு ஆண்டு விட்டால் இன்னும் நல்லது. மலத்தோடு வரும் உருண்டைப்புழு என்ற குடற்புழுவின் முட்டைகள் எளிதில் சாவதில்லை. காலம் முடிந்து திறக்கும்போது உள்ளே இருப்பது நாற்றமில்லாத கறுப்பு மண்ணாக இருக்கும். அப்போதும் கையுறை போட்டுக்கொண்டு மண்வெட்டியால் அள்ளுங்கள். தென்னைக்கும் வாழைக்கும் போடலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.