ஒரு துண்டுத் தாளில் ஓலை படிப்பது எப்படி

அச்சகத்தில் பதினெட்டு வருடம் புரூஃப் பார்த்தவன் நான். ஒரு கமா விட்டுப்போனாலும் கண் அங்கே போய் நின்றுவிடும். அப்படிப்பட்டவன் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில், கண்ணாடிக்குள் இருந்த ஓலையில் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாமல் முழித்தேன். தமிழ்தான், ஆனால் என் கண் அச்சுக்குப் பழகிய கண். உங்கள் கண்ணையும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஏ4 தாளை நீளவாக்கில் 3 செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். ஒரு துண்டில் சாதாரணச் செய்தி ஒன்று, இன்னொன்றில் வீட்டுப் பெரியவருக்கு மனப்பாடமான பாட்டின் முதல் வரி. சொற்களுக்கு நடுவே இடம் விடாதீர்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டாம். குத்தினால் ஓலை கிழியும் என்று ஏட்டில் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் கால் வரும் இடமெல்லாம் ‘ர’ போடுங்கள். ‘ஏ’ வந்தால் ‘எ’, ‘கே’ வந்தால் ‘கெ’. நாம் இன்று எழுதும் ஏகார, ஓகார நெடில் குறிகள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம்.

‘பால் வாங்கி வா’ இப்போது ‘பரலவரஙகிவர’ ஆகிவிடும். ‘ஏரி’யும் ‘எரி’யும் ஒன்றுதான், தண்ணீரா நெருப்பா என்று அக்கம்பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் கொடுங்கள். ஏழாவது படிக்கும் என் மகள், “பரல... என்னப்பா இது?” என்று முறைத்தாள். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை அவள் காதே பிடித்துவிட்டது.

பாட்டுத் துண்டை அம்மாவிடம் கொடுத்தேன். நாலு எழுத்து பார்த்தார், தாளைக் கீழே வைத்தார், மீதிப் பாட்டை ராகத்தோடு முடித்தார். ஏடு என்பது தெரிந்ததை நினைவூட்ட. அந்தக் காலத்தில் ஆசிரியரிடம் பாடம் ‘கேட்டார்கள்’ என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்புறம் பென்சிலால் சொற்களைப் பிரித்துக் கோடு போடுங்கள், புள்ளியும் காலும் வையுங்கள். 1887ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா., பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாட்டுப் பாட்டாக இப்படித்தான் மல்லுக்கட்டினார். நமக்கு ஒரு வரிதானே!

சரிசெய்த துண்டை மகளிடம் திரும்பக் கொடுத்தேன். இந்தத் தடவை உதடே அசையவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிட்டாள்.